நான்கு சென்டிமீட்டர்

சமையலறை மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து
அதன்மேல் கிடத்தினார் ஹில்டிங்.
நாலாயிரம் குரோனா, என்றார்.
நான் இன்னும் கையுறை கழற்றவில்லை.

போல்ட்டை உருவிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனேன்.
குழலுக்குள் கண் வைத்தால்
ஹம்மர்தாலின் நவம்பர் வெளிச்சம்
புரிபுரியாய்ச் சுழன்று வந்து
காசளவாய் விழுகிறது.
புரிகள் இன்னும் கூர்தான்.
வாய்ப்பக்கம் மட்டும், ஒரு விரல் நீளத்துக்கு,
கடுகு கடுகாய்த் துருக்குழி.
ஐந்நூறு குறையும், என்றேன்.
ஈரத்தோடு உறைக்குள் போட்டது யாரென்று
கேட்கவில்லை.
அவரே காபி ஜாடியைப் பார்த்துக்கொண்டார்.

போல்ட்டில் உள்ள எண்ணும்
உடலில் உள்ள எண்ணும் ஒன்று.
அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.
சொன்னேன்.
அது ஒன்றுதான் அவர் பக்கம் நான் வைத்த படிக்கல்.

தொலைநோக்கிக்காக யாரோ போட்ட நாலு துளை,
அதில் ஒன்று கோணல்.
சேகரிப்பவன் இதைத் தொடமாட்டான்: எழுநூறு.
திருகாணித் தலைகள் எலி கடித்த ரொட்டி: நூறு.
ஒன்பது புள்ளி மூன்று குண்டு, அதிலும் பழைய குட்டை ரகம்,
எஸ்டர்சுந்தில் ஒரே கடையில்,
அதுவும் கடைக்காரர் நல்ல மனநிலையில் இருந்தால்.
இருநூறு.

கடைசியாகப் பின்கட்டைக்கு வந்தேன்.
நல்ல வால்நட் மரம்.
அடியை ரம்பத்தால் அறுத்து
வேறேதோ துப்பாக்கியின் ரப்பரை ஒட்டியிருந்தார்கள்.
எவ்வளவு?
நாலு சென்டிமீட்டர், என்றார்.
சீவுக்குக் கை குட்டை.

எழுநூறு, என்றேன்.
அறுத்த மரம் வளராது.

அவர் உதடு அசையக் கூட்டிக் கழித்தார்.
ஆயிரத்து எண்ணூறா?
சரி, என்றார்,
பல் பிடுங்கியதும் வாயைத் துடைக்கிறவர்போல.

அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும்.
கை சும்மா இருக்கவில்லை.
எடுத்தேன், தோளில் வைத்தேன்.

நான் நூற்று ஐம்பத்து மூன்று சென்டிமீட்டர்.
இருபது வருடமாக
மாமனாரின், கணவனின், வேட்டைக் குழுவின் துப்பாக்கிகள்
என் புஜத்தில்தான் உதைத்தன.
அக்டோபர் என்றால் எனக்குக் கத்தரிப்பூ நிறம்.
இது தோள்குழியில் போய் உட்கார்ந்தது.
கன்னம் மரத்தைத் தேடவில்லை,
மரம் கன்னத்தில் இருந்தது.
கண் திறந்தபோது
குறிமுள் நேராக, அடுப்புக்கு மேலே
தொங்கிய பாத்திரத்தின் நடுவில்.

நிலைப்படியில் ஒரு பெண் நின்றிருந்தாள்.
கம்பளிக் காலுறை, ஒரு கை தூளியில்.
துப்பாக்கியைப் பார்க்கவில்லை,
என் முழங்கை மடிந்த கோணத்தைப் பார்த்தாள்.

உனக்கு ஒரு கட்டை செய்துதர
யாரிடமாவது விலை கேட்டிருப்பாயே?
கேட்டிருந்தேன்.
எவ்வளவு சொன்னான்?

ஹில்டிங் காபியை ஊற்றாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.
பொய்க்கு நிறைய நேரம் இருந்தது.
மூவாயிரம், என்றேன்.

ம், என்றாள் சீவ்.
பிறகு அறையில் அடுப்பு மட்டும் பேசியது.
குறையென்று நான் எழுதிய எழுநூறு
மேசைமேல் கிடந்தது,
எந்தத் தட்டில் போடுவதென்று எனக்கே தெரியவில்லை.

மூவாயிரத்து நூறில் கை கொடுத்தோம்.
அந்த நூறு எதற்கென்று மூவரும் கேட்கவில்லை.
காவல்துறையின் அனுமதித் தாள் வரும்வரை
அது அவர்கள் பெட்டகத்தில்தான் தூங்கும்,
ஆறு வாரமோ, எட்டோ.

வாசலில் காலணி மாட்டும்போது
சீவ் பின்னால் வந்தாள்.
நல்ல கையில் கதவைப் பிடித்துக்கொண்டு,
விலை முடிந்துவிட்டதால் சொல்கிறேன், என்றாள்.
மழை விடாமல் நாலு நாள் பெய்தால்
கட்டை ஊதும். நூறு மீட்டரில்
ஒரு கையகலம் இடப்பக்கம் போகும்.
மூஸ் மானிடம் அதைச் சொல்லாதே.

காரைக் கிளப்பும்வரை
அதற்கு எவ்வளவு குறைத்திருக்கலாம் என்று
கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.