மிதக்கும் கால்

மின்சாரம் வந்ததும்
பலகை கேட்கும் முதல் கேள்வி:
நான் எது?

அப்போது அதற்கு நினைவகம் இல்லை.
கடிகாரம் ஓடத் தொடங்கவில்லை.
விசிறி எங்கே, திரை எங்கே, தெரியாது.
மூலையில் இரண்டு மின்தடைகள்,
கடுகைவிடச் சிறியவை.
அவற்றைத் தடவிப் பார்த்து
ஒன்று, அல்லது இரண்டு, அல்லது மூன்று என்று
தன்னை எண்ணிக்கொண்டு
அந்த எண்ணுக்குரிய கோப்பை எடுக்கும்.
விசிறி இந்தக் காலில்,
வெப்பமானி அந்தக் கம்பியில்,
நினைவகம் இவ்வளவு.
எழுதியிருப்பதை அப்படியே நம்பும்.
வேறு யாரைக் கேட்கும்?

அந்தத் தேர்வை எழுதியவள் நான்.
பாயான் லெப்பாஸ், இரண்டாம் மாடி,
நோன்பு மாதம், பாதி இருக்கைகள் காலி.
நாற்பத்தொரு வரிகள்.
கடைசி வரி:
எதுவும் பொருந்தாவிட்டால்
ஒன்றாம் கோப்பையே எடுத்துக்கொள்.
இரக்கம் என்று நினைத்துத்தான் எழுதினேன்.

அக்டோபரில் சில பலகைகள் கொதித்தன.
மூன்றாம் வார்ப்பு, புத்தம் புதியவை,
விசிறி இருந்தும் சுற்றவில்லை.
பகலில் சோதித்தால் மூன்று என்றன.
இரவில் அதே பலகை சுழியம் என்றது.
சுழியத்துக்குக் கோப்பு கிடையாது.
ஆகவே என் இரக்கம் ஓடி வந்து
ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனது.
ஒன்றாம் வார்ப்பில் விசிறியே இல்லை.

நிரலைக் குடைந்தேன்.
சூன் கியாட் மின்னழுத்தத்தைக் குடைந்தான்.
மூன்று நாள்.

கண்டுபிடித்தது தில்மாயா.
இரவு ஷிப்ட், போக்கராவிலிருந்து வந்து எட்டு மாதம்,
அதற்குள் பிடித்துவைத்த மலாயில் சொன்னாள்:
அக்கா, கை கிட்டே போனா
இது வேற எண் சொல்லுது.

கையைக் கொண்டுபோனாள்: மூன்று.
எடுத்தாள்: சுழியம்.
மறுபடி கொண்டுபோனாள்: இரண்டு.

பூதக்கண்ணாடிக்குக் கீழே
இரண்டு வெறும் ஈயப் பொட்டுகள்.
சுருள் தீர்ந்துபோன நேரத்தில்
இயந்திரம் காற்றை எடுத்து
காற்றை வைத்திருக்கிறது, ஒழுங்காக, நேராக.
எங்கும் கட்டப்படாத கால் மிதக்கும்.
குழல்விளக்கின் முனகல், குளிரூட்டி,
பக்கத்தில் நிற்பவரின் விரல்,
எது அருகில் இருக்கிறதோ
அதையே தன் பெயராகச் சொல்லும்.

மதியம் சுங்கை நிபோங்கில் நாசி கண்டார்.
பரிமாறுகிற தம்பி முகம் பார்த்தே மொழி எடுப்பவன்.
எனக்குத் தமிழ்.
ஹிதாயாவுக்கு மலாய்.
தில்மாயாவிடம் சீனத்தில் ஆரம்பித்தான்.
அவள் மீன் தலையை விரலால் காட்டினாள்.
குழம்பு நிறைய ஊற்றினான்.
நான் திருத்தவில்லை, அவளும் இல்லை.
எட்டு மாதமாக அப்படித்தான் என்று
பிறகு படிக்கட்டில் சொன்னாள், சிரித்துக்கொண்டே,
பல்லில் மாட்டிய முள்ளை எடுத்தபடி.

அன்று மாலை அந்தக் கடைசி வரியை அழித்தேன்.
பதிலுக்கு எழுதியது:
பதினாறு முறை கேள்.
பதினாறும் ஒன்றாக இல்லையென்றால்
எதையும் எடுக்காதே.
சிவப்பு விளக்கை மினுக்கிக்கொண்டு நில்.

மேலாளர் ஊய் கண்ணாடியைக் கழற்றினார்.
வாங்கினவன் பெட்டியைத் திறந்தால்
செத்த பலகை என்பான்.
சாகவில்லை, தெரியவில்லை என்கிறது, என்றேன்.
அட்டைப்பெட்டிக்குள் இரண்டுக்கும்
என்ன வித்தியாசம், என்றார்.
என்னிடம் பதில் இல்லை. இன்னும் இல்லை.
ஆனாலும் கையெழுத்துப் போட்டார்,
தேதியைத் தப்பாக எழுதி.

இரவு பத்தரை.
ஜன்னலில் பாலத்தின் விளக்குகள்,
மேசையில் அந்த வெறும்பொட்டுப் பலகை.
சிவப்பு. சிவப்பு. சிவப்பு.
தில்மாயா கையைக் கொண்டுபோனாள்.
எடுத்தாள்.
அது எந்த எண்ணும் சொல்லவில்லை.

பிறகு இடுக்கியில்
ஒரு மின்தடை, மூச்சை அடக்கி,
இன்னொன்று.
புகை ஒரு நூல் எழுந்தது.
பொத்தானை நான் அழுத்தவில்லை, அவள்தான்.

விசிறி இரண்டு முறை தயங்கிச் சுழன்றது.
நாசி கண்டார் சுற்றிவந்த தாள்
மேசையின் ஓரத்தில்
லேசாக எழுந்து, விழுந்தது.