தேதிக்கு விட்ட இடம்

ஞாயிறு பிற்பகல் கருவி தட்டத் தொடங்கியபோது
நான் செர்ரிக் கொட்டைகளை ஜன்னல் வழியே துப்பிக்கொண்டிருந்தேன்.
ஸபோலோட்டியா தபால் நிலையத்துக்கு
ஞாயிறன்று தந்தி வருவதென்றால்
யாருடைய மாமனாராவது செத்திருக்க வேண்டும்.

பதினொரு சொற்கள்.
தெற்கே ஒரு நகரம், பட்டத்து இளவரசர், மனைவியும்.
பென்சிலால் எழுதி மையில் பிரதி எடுத்தேன்.
சுவர் வரைபடத்தில் அந்த நகரத்தைத் தேடினேன்:
எங்களிடமிருந்து ஒன்றரைச் சாண்.

மதுக்கடையில் இசையை நிறுத்தச் சொன்னார்கள்.
பாதி நாள் கூலியாவது கொடுங்கள் என்றான் பிடில்காரன்.
பிறகு தந்திகளைத் தளர்த்திப் பெட்டியில் வைத்தான்.
என் தந்தி தளரவில்லை.

ஜூலை.
வைக்கோலுக்கு நல்ல வெயில்.
ஒரு கன்றுக்குட்டி கிணற்றில் விழுந்தது, கயிறு கட்டி எடுத்தோம்.
இளவரசரை யாரும் பேசவில்லை,
பாதிரியாரைத் தவிர; அவரும் மெழுகுவர்த்திச் செலவுக்காக.
இரவில் மட்டும்
எங்கள் ஊருக்கல்லாத செய்திகள் எங்கள் ஊர் வழியே போயின,
எண்களாக, ஐந்தைந்தாக.
வாங்கி, அடுத்த நிலையத்துக்குத் தட்டி அனுப்பினேன்.
விரல் என்னுடையது.
அர்த்தம் யாருடையதோ.

இரும்புப் பெட்டியின் அடியில் ஓர் உறை உண்டு.
எனக்கு முன்பிருந்தவர், அவருக்கும் முன்பிருந்தவர்
கையெழுத்திட்டு ஒப்படைத்துவிட்டுப் போனது.
உத்தரவு வந்தால் மட்டும் பிரிக்க.
வெள்ளி இரவு உத்தரவு வந்தது.
அரக்கு காய்ந்து போயிருந்தது, பொரியாக உதிர்ந்தது.
உள்ளே சுவரொட்டிகள், மூன்று மொழிகளில்.
எந்த வயதுக்காரர்கள், எந்த உயரத்துக் குதிரைகள்,
எத்தனை நாளுக்கு ரொட்டி கட்டிக்கொண்டு வர வேண்டும்,
எல்லாம் அச்சாகியிருந்தது.
காகித ஓரம் பழுப்பேறியிருந்தது.
தேதிக்கு மட்டும்
இரண்டு விரற்கடை வெற்றிடம்.

அடியில், பொடி எழுத்தில், அச்சடித்த ஆண்டு.
பதின்மூன்று வருடம் பழசு.
சுட்டவனுக்குப் பத்தொன்பது வயதென்று பத்திரிகையில் படித்திருந்தேன்.
கழித்துப் பார்த்தேன்.
இது அச்சேறியபோது அவன்
எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்திருப்பான்.

பேனாவை நனைத்தேன்.
எனக்கு நல்ல கையெழுத்து, அதற்காகவே வேலை கொடுத்தார்கள்.
இருபது தாள்களில் இருபது முறை தேதி.
பதினேழாவதில் பிழை வந்தது,
அடித்துத் திருத்தி அருகில் சுருக்கொப்பமிட்டேன்.
விதி அப்படி.

காலையில் சந்தைத் திடலில் குதிரைகளை அளந்தார்கள்.
என் தங்கை கணவன் ஹ்னாத் தன் பெட்டைக் குதிரையோடு நின்றான்.
ஸொஸூல்யா. குயில் என்று பெயர், நிறம் மட்டும் சாம்பல்.
மருத்துவர் வாயைத் திறந்து பல்லை எண்ணினார்.
தானமாக வந்ததைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது,
இது தானமில்லையே என்றான் ஹ்னாத்.
யாரும் சிரிக்கவில்லை.
பிறகு என்னிடம் வந்து கேட்டான்:
"சுட்டவன் பிடிபட்டுவிட்டான்தானே?"
ஆமென்றேன்.
"அப்புறம் குதிரை எதற்கு?"

ஆற்றுக்கு அக்கரையில் வேறு சக்கரவர்த்தி.
எங்கள் மொழியையே பேசுவார்கள்,
எங்கள் தேனையே வாங்குவார்கள்.
அங்கேயும் ஒரு தபால் நிலையம், ஒரு பெட்டி,
நல்ல கையெழுத்துள்ள ஒருவன்.
அவன் பெயர் எனக்குத் தெரியாது.
அவன் தட்டும் வேகம் தெரியும்:
எல்லை தாண்டிய வாழ்த்துத் தந்திகளில்
கடைசி எழுத்தைச் சற்று இழுப்பான்.
சனி மதியத்துக்குப் பிறகு அவன் பேசவில்லை.
திங்களன்று கம்பியையே வெட்டிவிட்டார்கள்,
எங்கள் பக்கத்திலா, அவர்கள் பக்கத்திலா,
அதுவும் தெரியவில்லை.

குதிரைக்கு ரசீது கொடுத்தோம்.
போர் முடிந்ததும் காட்டிப் பணம் பெறலாம்.
திரும்பி வந்து வாங்கிக்கொள்கிறேன், நீயே வைத்திரு என்று
என் மேசைமேல் விட்டுப் போனான் ஹ்னாத்.
இழுப்பறையில் இருக்கிறது.
சாம்பல் நிறம், ஏழு வயது, இடது பின்காலில் வெள்ளை.
தேதியும் இருக்கிறது,
என் கையெழுத்தில்.