கை தூக்கியவள்

உண்மையைச் சொன்னால்
நான் பிஸ்கட்டுக்குத்தான் கை நீட்டினேன்.
இன்வர்கார்கில், மார்ச் மாதக் கூட்டம்,
பிள்ளைகளின் குட்டி நாற்காலியில் மடங்கி உட்கார்ந்திருந்தோம்.
"ஆறு வயதுக்குட்பட்டோருக்கு யார் கோச்?"
கேள்வி விழுந்ததும்
பதினோரு அப்பாக்கள் தங்கள் காலணிகளை
ஆராயத் தொடங்கினார்கள்.
தட்டு மேசையின் அந்தக் கோடியில் இருந்தது.
"மிக்க நன்றி, ப்ரானி."
எழுதியே விட்டார்கள்.

கால்நடை மருத்துவமனையில் எனக்கு வேலை.
கன்று குறுக்கே கிடந்தால் திருப்பத் தெரியும்.
ஆஃப்சைடு தெரியாது.
உப்புக் குப்பியையும் மிளகுக் குப்பியையும் நகர்த்தி நகர்த்தி
இரவெல்லாம் படித்தேன்.
இந்த வயதில் ஆஃப்சைடே கிடையாது என்று
மூன்றாவது வாரம் யாரோ சொன்னார்கள்.

ஜூன். சனிக்கிழமை. எட்டரை மணி.
மிதித்தால் நொறுங்குகிறது உறைபனிப் புல்.
எங்கள் மஞ்சள் அணியில் ஏழு பிள்ளைகள்.
ஃபேட்டு வெறுங்காலோடு நிற்கிறாள்,
ஷூவுக்குக் குளிருமாம், காரிலேயே இருக்கட்டுமாம்.
போய் எடுத்து வந்தேன்.
டாரகோவின் ஒரு காலில் அவன் ஷூ,
மறுகாலில் அவன் அண்ணன் ஷூ.
பனியில் முழங்காலிட்டு ஒவ்வொரு கயிறாக முடிகிறேன்.
பன்னிரண்டு ஷூ, இரட்டை முடிச்சு.
கடைசி முடிச்சை இறுக்கும்போது முதல் முடிச்சு அவிழ்ந்திருக்கும்.
என் பயிற்சித் திட்டம் என்னவென்று கேட்டால்
இதைத்தான் சொல்வேன்.

பிறகு ஆட்டம்.
பந்து எங்கேயோ அங்கே எல்லோரும்,
நம்மவர், எதிரணியினர், ஒரே கொத்தாக.
உள்ளே எங்கோ பந்து இருக்கிறது என்பது
ஒரு நம்பிக்கை.
"விரிந்து நில்லுங்கள்!" என்றேன்.
விரித்தார்கள்,
கைகளை.
உறுமிக்கொண்டு மைதானம் முழுக்கப் பறந்தார்கள்.

கோட்டுக்கு வெளியே மில்லியின் அப்பா,
பால் டேங்கர் ஓட்டுபவர்,
கழுத்து நரம்பு புடைக்க "உதை! உதைடி!" என்று
கத்திக்கொண்டிருந்தார்.
கத்தியவர் கையில் கத்தியைக் கொடுத்தேன்,
ஆரஞ்சுப் பையையும்.
நறுக்குகிறவருக்குக் கத்த நேரமில்லை.
மறுவாரம் சொந்தப் பலகையோடு வந்தார்,
துண்டுகள் அத்தனையும் ஒரே அளவு.

இடைவேளைக்கு முன்னால்
கடல்பறவை ஒன்று உள்ளே நடந்து வந்தது.
கறுப்பு வெள்ளை உடம்பு, சிவந்த நீள அலகு,
நடையைப் பார்த்தால் மைதானத்தின் சொந்தக்காரர்.
அலகைச் செருகி ஒரு புழுவை இழுக்க ஆரம்பித்தது.
கொத்து கலைந்து வட்டமானது.
புழு நீண்டது. இன்னும் நீண்டது.
நடுவராக நின்ற ஹோவானி
விசிலை வாயில் வைத்தபடி ஊத மறந்தார்.
யாருமே தொடாத பந்து
சரிவில் மெல்ல உருண்டு
எங்கள் கோலுக்குள் போய் நின்றது.
கோலில் என் மகன் லூவின்
முதுகைக் காட்டிக்கொண்டு
மண்ணில் சுவர் கட்டிக்கொண்டிருந்தான்.
அடுத்தவன் முறை என்று அவனை வெளியே அழைத்தேன்.
எப்போதும் அவனைத்தான் முதலில் அழைப்பேன்.
கோச்சின் பிள்ளைக்குச் சலுகை என்று
ஒரு வாய் பேசிவிடக் கூடாது.

திரும்பும் வழியில் ஹீட்டர் சத்தத்துக்கு மேலே
பின்னாலிருந்து கேட்டான்:
"ஃபேட்டுவோட அம்மா கோச்சா வந்தா
நான் நிறைய நேரம் விளையாடலாம், இல்லையா?"

கோபம் இல்லை குரலில்.
கணக்குக் கேட்பதுபோல் கேட்டான்.

சிவப்பு விளக்கு.
கண்ணாடியில் அவன் கால்கள் தெரிந்தன,
ஆடிக்கொண்டிருந்தன.
இரண்டு கயிறும் அவிழ்ந்து, நனைந்து,
கறுத்த சேறாகத் தொங்கின.

ஏழு பிள்ளைகள்.
பன்னிரண்டு ஷூ.