பயன்பாடு: குடியிருப்பு

கட்டிகானப்பள்ளியில் எங்கள் வீட்டுப் பின்கட்டில்
ஸ்கூட்டர் நிற்க வேண்டிய இடத்தில்
லேத் நிற்கிறது.
காய்ப்பு ஓய்ந்த மாமரங்களை வெட்டியவர்கள்
விறகு விலைக்குத் தந்த துண்டுகளில்
ஞாயிறுதோறும் கிண்ணம் கடைவேன்.
ஆறு வருஷமாக
யாரும் எதுவும் கேட்டதில்லை.

ஓசூரிலிருந்து ஒரு போன்.
புது வீடுகளுக்கு நாற்பது கதவுக் குமிழ்.
பில் வேண்டுமாம்.

பில் புத்தகம் வாங்கி வந்த சாயங்காலம்
கடைப்பெயர் எழுதும் இடத்தில்
கோமளவல்லி என்று என் பெயரையே எழுதினேன்.
மை காய்வதற்குள்
பின்கட்டில் எல்லாம் வேறாகிவிட்டது.
தின்னர் டப்பா
ஐந்து லிட்டர் நெருப்பு.
மரத்தூள்
பர்வீன் வீட்டு மாடியில் காயும் துணிவரை எட்டும் நெருப்பு.
பம்பரம் கேட்டு வரும் அவள் பையன்
பத்து விரல்.

ஏஜென்ட் முனிரத்தினம் வந்தார்.
அவர் வீட்டில் உப்பு இருப்பது
நான் கடைந்த கிண்ணத்தில்தான்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பாலிசியைப் படித்தார்:
"பயன்பாடு, குடியிருப்பு.
மெஷின் ஆசைக்கு ஓடினா பரவாயில்ல மேடம்.
காசுக்கு ஓடினா
கட்டில் எரிஞ்சாக்கூடக் கேள்வி கேப்பாங்க."

அதே மோட்டார். அதே அரை ஹெச்பி.
எதற்காக ஓடுகிறோம் என்று
அதற்கு எப்படித் தெரியும்?

குமிழ் கழன்று யார் காலிலாவது விழுந்தால்?
அது தனிப் பாலிசி.
பையன் விரல்?
அதுவும் தனி.
என் விரல்?
பைக்குள் இன்னொரு தாளைத் தேடினார்.
தேடும்போது சுவரில் ஈபி கார்டைப் பார்த்தவர்
அதை அப்புறம் பேசலாம் என்றார்.

பில் புத்தகத்தின் பின்னட்டையில் கூட்டிப் பார்த்தோம்.
நாற்பது குமிழில் பதினேழு
கம்பெனிக்கு.
மீதி இருபத்து மூன்றில்
மரம், வார்னிஷ், கரண்ட், நான்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே
குரலைத் தாழ்த்தினார்:
"நான் லேத்தப் பாக்கலன்னே வெச்சுக்கலாம்."
உப்புக் கிண்ணம் பேசுகிறது என்று நினைத்தேன்.
பார்த்ததாகவே எழுதுங்கள் என்றேன்.

இந்த ஞாயிறு
தரையில் மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு போட்டேன்.
பர்வீன் பையன்
கட்டைவிரல் நுனியைச் சரியாகக் கோட்டின் மேல் வைத்து
கழுத்தை மட்டும் உள்ளே நீட்டுகிறான்.
பம்பரம் ஒன்று கடைந்து கொடுத்தேன்,
காசு வாங்கவில்லை.

அந்தப் பத்து நிமிஷம்
மெஷின் எந்தக் கட்டத்தில் வரும்?
முனிரத்தினத்தைக் கேட்க வேண்டும்.