சாவியோடு சேர்த்துச் சொல்வது

செலஸ்டின்,
ஓமான் எல்லையில் பாஸ்போர்ட்டோடு
வண்டியின் இன்சூரன்ஸையும் கேட்பார்கள்.
அதை ஷார்ஜாவில் ஃப்ரிட்ஜின் மேல்
பத்திரமாக வைத்துவிட்டுப் போனவன் நான்.

மணலில் இறங்குமுன்
டயரில் பாதிக் காற்றை இறக்கு.
பெருமையிலும் கொஞ்சம்.

தண்ணீர் டேங்கின் முள் பொய் சொல்லும்.
கால்வாசி என்றால்
காலி என்று வாசி.

வறண்ட ஆற்றுக்குள் நிறுத்தாதே,
வானம் எவ்வளவு வெளுத்திருந்தாலும்.
மழை மலையில் பெய்யும்
வெள்ளம் உன்னைத் தேடி வரும்.

வண்டித் தரையில் ஓர் எலுமிச்சம்பழம் வை.
உருளாவிட்டால் அங்கே தூங்கலாம்.

சாம்பார் வேண்டாம்.
இடது சீட்டுக்கடியில் மோந்து பார்,
சூருக்குப் போகும் வழியில் முதல் வளைவு
இன்னும் புளிக்கிறது.

இரண்டாம் நாள் சண்டை வரும்.
வீடென்றால் ஒருவர் அடுத்த அறைக்குப் போகலாம்.
இங்கே அடுத்த அறை
அரபிக்கடல்.
பெனிட்டா அங்கே போய் நின்றாள்
முதுகு காட்டி, வெகுநேரம்.
நான் கழுவிய தட்டையே
திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன்.
அதில்தான் டேங்க் தீர்ந்தது.

விடிகாலை, வலை ஏற்றிய பிக்கப்பில் வந்தவர்
இரண்டு கேன் இறக்கி வைத்தார்.
காசை வாங்கவில்லை.
எங்கள் இருவருக்கும் நடுவே இருந்த தூரத்தைப் பார்த்து
ஏதோ சொல்லிச் சிரித்தார்.
அரபி எனக்குத் தெரியாது.
பெனிட்டாவும் சிரித்தாள்,
அவளுக்கும் தெரியாது.

இரவில் சிலிண்டரை மூடு.
இந்தா சாவி.
எலுமிச்சை டேஷ்போர்டிலேயே கிடக்கிறது,
காய்ந்து கறுத்துவிட்டது.
உருள்வது மட்டும் மறக்கவில்லை.