ஜெலுத்தோங், தாள் எண் பதினேழு

காலை ஏழு ஐம்பதுக்கு
சுங்கை பினாங்கு கடலுக்குள் ஓடியது.
பதினொன்றரைக்கு
கடல் சுங்கை பினாங்குக்குள் ஓடியது.
நடுவில் கொஞ்ச நேரம்
ஒரு மைலோ டின்
எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல்
நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது.
வரைபடத்தில் ஓர் ஆற்றுக்கு
ஓர் அம்புக்குறிதான்.

ரொஸ்லான் மட்டக்கோலோடு இறங்கினான்.
முழங்கால்வரை சேறு.
"நிலமா, தண்ணீரா, கக் சுலோ?"
கேட்டு முடிப்பதற்குள்
கோல் மூன்று சென்டிமீட்டர் தாழ்ந்துவிட்டது.
"நீ நிற்கிறவரை நிலம்" என்றேன்.

பழைய தாளில் இந்தக் கிளைக்கு
ஆறு என்று பேர்.
புதிய தாளில் வடிகால்.
ஆற்றைத் தூர்வார ஓர் இலாகா,
வடிகாலுக்கு வேறோர் இலாகா.
இரண்டு பேருக்கும் நடுவில்
மூன்று வருடமாக
மல்லாந்து கிடக்கிறது ஒரு சோபா.

மிஸஸ் ஓய் வீட்டு அடுப்படிச் சுவரில்
பென்சில் கோடுகள்.
பிள்ளைகளின் உயரம் என்று நினைத்தேன்.
பிள்ளைகளுக்கு வாசல் நிலையில் தனியாக இருந்தன.
இவை வெள்ளத்துக்கு.
ஒவ்வொரு கோட்டின் பக்கத்திலும்
சீன எழுத்தில் தேதி, போன பொருள்.
விரலை வைத்து வாசித்துக் காட்டினார்:
அரிசி. தையல் மெஷின்.
கல்யாண ஆல்பம், பாதி.
எல்லாவற்றுக்கும் உயரமான கோட்டின் பக்கத்தில்
எதுவும் இல்லை.
"அதற்குள் மேலே தூக்கி வைக்கப்
பழகிவிட்டோம்."

கருவியை கேஸ் அடுப்புக்கருகே நிறுத்தி
அந்தக் கோட்டைப் படித்தேன்.
கடல்மட்டத்திலிருந்து
இரண்டு மீட்டர், நான்கு சென்டி.
குறியீட்டுப் பட்டியலில் இதற்கு இடம் இல்லை.
கிணற்றுக்கு உண்டு, கோயிலுக்கு, சூராவுக்கு,
மின்கம்பத்துக்கும் உண்டு.
குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதினேன்.
மிஸஸ் ஓய் எட்டிப் பார்த்து
"என் கோடு சரியாக இருக்கிறதா?" என்றார்.
உங்களுடையது சரி என்றேன்.

சாயங்காலம் அலுவலகத்தில்
கரையை மூடச் சொன்னார்கள்.
திறந்து கிடக்கும் கோட்டை மென்பொருள் ஏற்காது.
தேநீர் ஆற ஆற
ஒன்றரை மீட்டர் சமவுயரக் கோட்டை
இழுத்துக்கொண்டே போனேன்.
மீன்கடையைச் சுற்றியது,
பள்ளித் திடலில் ஒரு கோல்கம்பத்தைத்
தனியே விட்டது,
மிஸஸ் ஓய் வீட்டு முன்வாசலில் நுழைந்து
அடுப்படி வழியாக வெளியேறியது,
செருப்பைக் கழற்றாமல்.

நாளைக்குத் தாள் பதினெட்டு.
பாதிக்கு மேல் நீலம் என்கிறார்கள்.
ரொஸ்லான் இன்னும் பின்பக்கக் குழாயடியில்
பூட்ஸைக் கழுவிக்கொண்டிருக்கிறான்.