ஆறு

ராத்திரி ஒன்றேகாலுக்கு
இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி
பெரியாஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தது நூற்றெட்டு.
உள்ளே நாகலூர் சடைச்சி.
தோளில் காப்பிச் சாக்கின் கயிறு பதிந்த தடம்.
நாடி நூற்றுத் தொண்ணூற்றாறு.
"வண்டி நின்னும் வளைவு நிக்கல சிஸ்டர்"
என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.

ஈ.சி.ஜி. தாளில் ஏற்ற இறக்கம் இல்லை,
தையல் மிஷினில் விட்டதுபோல்
நெருக்க நெருக்கமாய்க் குத்து.

வெற்று சிரிஞ்சை வாயில் கொடுத்து ஊதச் சொன்னோம்.
காலைத் தூக்கிப் பிடித்தோம்.
இதயம் கேட்கவில்லை.
டாக்டர் ஃபர்ஹானா சொன்னார்:
அடினோசின். ஆறு.

ஆறு மில்லிகிராம். முழங்கை மடிப்பில் பெரிய ஊசி.
பின்னாலேயே இருபது மில்லி உப்புநீர், கையை உயர்த்து.
இந்த மருந்துக்கு நேரம் கிடையாது.
ரத்தத்தில் பத்து விநாடிகூடத் தாங்காது,
சிவப்பணுக்களே வழிமறித்து விழுங்கிவிடும்.
பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கி
ஐந்து ரோடு போவதற்குள் செத்துப்போகிற தூதன்.

தள்ளினேன்.
தாள் தைத்துக்கொண்டே போனது.

டாக்டர் குனிந்தார். "ராத்திரி என்ன குடிச்சீங்க?"
"கடுங்காப்பிதான். அஞ்சு டம்ளர் இருக்கும்."
வாசலில் நின்ற புருஷன் ஆண்டி
"ஆறு" என்று திருத்தினான்.
களத்தில் கொட்டை காய்கிறது, ராக்காவல்,
கண்ணசந்தால் சாக்கோடு போய்விடும்.

டாக்டர் விட்டது சிரிப்பா பெருமூச்சா, தெரியவில்லை.
காப்பியும் அடினோசினும்
ஒரே நாற்காலிக்கு வருபவை.
முந்தி வந்தால் காப்பி உட்கார்ந்துகொள்ளும்,
ஒரு வேலையும் பார்க்காது,
எழுந்திருக்கவும் செய்யாது,
தாலுக்கா ஆபீசில் எனக்குத் தெரிந்த ஒருவரைப்போல.
தூக்கம் மனுவோடு வெளியே நிற்கும்.

"பன்னிரண்டு" என்றார்.

மருந்தை ஏற்றும்போதுதான்
அவள் இடது பெருவிரலைப் பார்த்தேன்.
கவாத்துக் கத்தி பட்ட புண், மஞ்சள் வைத்துச் சுற்றிய துணி.
அங்கேயும் இதே சங்கதிதான்.
செல்லுக்குள் இருக்கும்வரை ஏ.டி.பி.
மடியில் முடிந்த காசு. செலவாகும், சத்தம் வராது.
கத்தி பட்டு மடி கிழிந்தால்
சிதறிய ஒவ்வொரு காசும் கூப்பாடு.
பக்கத்து நரம்பின் கதவில் போய் இடிக்கும்,
நரம்பு அதை வலி என்று மொழிபெயர்க்கும்.
வெள்ளணுக்கள் வாசம் பிடித்து ஊர்ந்து வரும்.

பிறகு, செல்லின் தோலிலேயே குடியிருக்கும் நொதிகள்
அதன் மூன்று பாஸ்பேட் வாலில்
ஒன்றை நறுக்கும். இன்னொன்றை. கடைசியையும்.
மிஞ்சுவது அடினோசின்.
கூப்பாட்டை நறுக்கிக்கொண்டே போனால்
அடியில் கிடக்கிறது "போதும்" என்ற சொல்.
அதைத்தான் லேபிள் ஒட்டி, காலாவதித் தேதி போட்டு
என் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

"ஒரு நொடி செத்துப்போற மாதிரி இருக்கும்.
ஒண்ணும் ஆகாது."
எல்லோரிடமும் சொல்வதுதான்.
எனக்கே அது பொய் மாதிரிதான் கேட்கும்.

தள்ளினேன். உப்புநீர். கை மேலே.

தாளில் நேர்கோடு.
ஒன்று.
மாக்னசைட் குழியில் வெடிக்கு முன் சங்கு ஊதினால்
பேச்சு நின்றுபோகுமே, அது.
இரண்டு. சடைச்சி என் மணிக்கட்டைப் பிடித்தாள்,
புண்பட்ட விரலாலேயே.
மூன்று.
வாசலில் யாரோ "சேர்வராயா" என்றார்கள்.
நாலு, ஐந்து

குத்து.
அகலமாய் ஓர் இடைவெளி.
இன்னொரு குத்து.
எழுபத்தெட்டு.

"நின்னுடுச்சு சிஸ்டர்."
நின்றது எது என்று நான் கேட்கவில்லை.

காப்பியைக் குறைக்கச் சொன்னார் டாக்டர்.
"அப்ப காவலுக்கு?" என்றாள் சடைச்சி.
அதற்கு எங்கள் அலமாரியில் மருந்து இல்லை.

நாலு மணிக்குக் கடைப்பையன் வைத்துவிட்டுப் போன டம்ளர்
மேசையில் ஆறிக் கிடந்தது.
ஆடையை விரலால் ஒதுக்கிவிட்டுக் குடித்தேன்.
டூட்டி முடிய இன்னும் மூன்று மணி நேரம்.
நாற்காலியில் யாராவது உட்கார்ந்திருக்க வேண்டும்.